கரையோரக் கூடுகளும் கேமராவும்: டர்பன் கோடையில் நிமிடக் கணக்கு ஏன் முக்கியம்

டிசம்பர் பள்ளி விடுமுறை தொடங்கியதும் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணக் கரையில் இரண்டு கூட்டங்கள் ஒரே மணலுக்கு வந்து சேர்கின்றன. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வரும் மக்கள் ஒரு கூட்டம். திறந்த மணலிலேயே முட்டையிட்டு அடைகாக்கும் பறவைகள் இன்னொன்று. கூட்டில் அமர்ந்திருக்கும் பறவையின் படத்தை யாராவது பகிர்வார்கள். பாராட்டும் வரும், கண்டனமும் வரும். படம் எடுத்தவர் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “முப்பது மீட்டர் தள்ளித்தானே நின்றேன், பறவை பறக்கக்கூட இல்லையே, என்ன கெட்டுப்போயிற்று?”

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு மீட்டரில் பதில் சொல்ல முடியாது. தாய்ப்பறவை முட்டையை விட்டு எத்தனை நிமிடம் விலகியிருந்தது, அந்த நேரத்தில் மணல் எவ்வளவு சூடாக இருந்தது என்ற இரண்டும் தெரிந்தால்தான் கெட்டுப்போயிற்றா இல்லையா என்று சொல்லலாம். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பருவம்: ஆவணி முதல் மாசி வரை

தென் அரைக்கோளத்தில் தமிழ் மாதங்கள் தலைகீழான பருவங்களில் விழுகின்றன. ஆடிக் கூழ் ஊற்றும் நாட்கள் இங்கே குளிர்காலம். புரட்டாசி விரதம் வசந்தத்தில் வருகிறது, தைப்பூசக் காவடி உச்சக் கோடையில். கரையோர ஈரநிலங்களில் கூடு கட்டும் பறவைகளுக்கு ஆவணி முதல் மாசி வரை என்று குறித்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். விதிவிலக்குகள் உண்டு. வெண்நெற்றி உப்புக்கொத்தி என்ற சிறு கரைப்பறவை ஏறக்குறைய எந்த மாதத்திலும் முட்டையிடும். ஆப்பிரிக்க மீன்பிடிக் கழுகு குளிர்காலத்தில் கூடு கட்டுகிறது. கிட்லிட்ஸ் உப்புக்கொத்திக்கு நாட்காட்டியைவிட நீர்மட்டம் முக்கியம். நீர் வற்றிச் சேறும் மணலும் வெளியே தெரியும் காலம் அதற்கு வசதி.

கோடையில் கழிமுகத்தில் தெரியும் எல்லாப் பறவையும் இங்கே கூடு கட்டுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செப்டம்பரில் வந்து ஏப்ரலில் கிளம்பும் உள்ளான்களில் பெரும்பாலானவை வட துருவத்தை ஒட்டிய நிலங்களில் குஞ்சு பொரிப்பவை. அவற்றுக்கு இங்கே கூட்டுப் பிரச்சினை கிடையாது, ஓய்விடப் பிரச்சினைதான். கடல் ஏறும்போது மேய்ச்சல் சேறு மூழ்கிவிடும்; எஞ்சிய மணல்திட்டில் அவை கும்பலாக ஒதுங்கும். உம்கெனி ஆற்று முகத்தில் ஆலாக்களும் அப்படித்தான் ஒதுங்குகின்றன. பறக்கும் படம் வேண்டும் என்று அந்தக் கும்பலைக் கிளப்பிவிடுவது, அடுத்த முறை நீர் வற்றும் வரைக்கும் சேர்த்து வைத்த ஆற்றலைச் செலவழிக்க வைப்பது. காத்திருந்தால் அவை தாமாகவே எழும். நீர் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் அப்படி எழத்தான் செய்கின்றன.

திறந்த மணலில் கூடு என்றால் என்ன

உப்புக்கொத்தி, ஆள்காட்டி, நீர்க் கண்கிலேடி, ஆப்பிரிக்கச் சிப்பிபிடிப்பான் ஆகியவற்றின் கூடு மணலில் சீய்த்த ஓர் ஆழமற்ற குழி, அவ்வளவுதான். சுள்ளி அடுக்கு இல்லை. சில சிப்பித் துண்டுகளோ காய்ந்த பாசியோ கிடக்கலாம். உயர் ஓதம், அதாவது கடல் நீரேற்றத்தின் உச்சம், தொடும் கோட்டுக்குச் சற்று மேலே, மணல்மேடு எழத் தொடங்கும் இடம் இவற்றுக்குப் பிடித்தமானது. குடையும் பாயும் விரிக்க நாம் தேடும் காய்ந்த மணலும் அதே இடம்.

வெண்நெற்றி உப்புக்கொத்தி வழக்கமாக இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். பொரிக்க நான்கு வாரத்தை ஒட்டி ஆகும். சிப்பிபிடிப்பான் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். அடைகாக்க நான்கு வாரத்துக்கு மேல், குஞ்சு பறக்க அதற்கு மேலும் ஐந்தாறு வாரம். நவம்பர் இறுதியில் இட்ட முட்டை என்றால் பிப்ரவரி வரை அந்தக் குடும்பம் தரையில்தான் இருக்கிறது. நடுவில் கிறிஸ்துமஸ் வருகிறது, புத்தாண்டு வருகிறது.

முட்டைக்கு என்ன நேர்கிறது

1. வெப்பம். கரு வளர உகந்தது 36 முதல் 38 டிகிரி செல்சியஸ். குளிர்ந்தால் வளர்ச்சி மந்தமாகும், ஓரளவு தாங்கிக்கொள்ளும். சூட்டைத் தாங்காது. 40 டிகிரியைத் தாண்டிய நிலை நீடித்தால் கரு செத்துப்போகும். டர்பனில் டிசம்பர் பகல் காற்று 27, 28 டிகிரி என்றாலும், உச்சி வெயிலில் காய்ந்த மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டக்கூடும். ஆகவே அடைகாப்பது என்றால் சூடேற்றுவது என்று நாம் நினைப்பது இங்கே பாதி உண்மை. நண்பகலில் தாய் செய்வது நிழல் தரும் வேலை. முட்டைமேல் அழுந்தாமல் சற்று எழுந்து, இறகைத் தளர்த்தி, வாயைத் திறந்து இரைத்தபடி நிற்கும். சில இனங்கள் வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிரவைக்கும். படத்துக்கு அருமையான காட்சி. நெருங்குவதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது.

2. எதிரிகள். காகம், ஆகஸ்டில் வந்து மார்ச் வரை தங்கும் மஞ்சள்மூக்குப் பருந்து, நீர் உடும்பு, கீரி, வெர்வெட் குரங்கு, வீட்டு நாய். டர்பனில் இந்தப் பட்டியலில் நம் ஊர் வீட்டுக் காகமும் உண்டு. அது இங்கே அந்நிய இனம். மனிதர்களைக் கவனித்தே பிழைப்பது. முட்டையின் நிறம் மணலோடு கலந்து ஏமாற்றும், ஆனால் ஓரிடத்தில் நான்கு பேர் நின்று குனிந்து பார்ப்பதும், அங்கிருந்து ஒரு பறவை ஓடுவதும் மேலே இருக்கும் காகத்துக்குப் போதுமான தகவல்.

3. பட்டினி. உப்புக்கொத்திக் குஞ்சு பொரித்த ஓரிரு நாளில் குழியை விட்டு நடந்து தானே இரை தேடும். ஆபத்துக் குரல் கேட்டால் மணலோடு மணலாக ஒட்டிக் கிடக்கும். நீங்கள் அரை மணி நேரம் அங்கே நின்றால் அந்த அரை மணி நேரமும் அது தின்னாமல், தாயின் இறகுக்குள் ஒதுங்காமல் கிடக்கிறது. நகராமல் இருக்கும் குஞ்சைப் பார்த்து “பயமே இல்லை” என்று சொல்வது தலைகீழான வாசிப்பு.

4. மிதிபடுதல். கிட்லிட்ஸ் உப்புக்கொத்தி தொந்தரவு கண்டதும் கால்களால் மணலைத் தள்ளி முட்டைகளை மூடிவிட்டுத்தான் விலகும். வெண்நெற்றி இனமும் ஓரளவு மூடும். வெயிலிலிருந்தும் காகத்திடமிருந்தும் காப்பாற்றும் நல்ல தந்திரம். ஆனால் கால் வைப்பவருக்குக் கூடு இருப்பதே தெரியாது. “இங்கே கூடு எதுவும் இல்லை” என்று சுற்றிவருபவரே அதை மிதிக்கிறார்.

பறவை பறக்கவில்லை என்பதன் பொருள்

இரண்டு தூரங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பறவை தன் வேலையை நிறுத்தித் தலை தூக்கி உங்களைக் கவனிக்கத் தொடங்கும் இடம் எச்சரிக்கைத் தூரம். எழுந்து ஓடும் அல்லது பறக்கும் இடம் விலகல் தூரம். முதலாவது எப்போதும் அதிகம். படம் எடுப்பவர்கள் இரண்டாவதை மட்டும் எல்லையாகக் கொள்கிறார்கள். எச்சரிக்கைத் தூரத்திலேயே பாதிப்பு தொடங்கிவிடுகிறது என்பதால் அங்கேயே நிற்பது சரி.

இந்தத் தூரங்கள் நிலையானவை அல்ல. இனம், கூட்டின் வயது, அன்று ஏற்கெனவே எத்தனை பேர் கடந்து போனார்கள், கூட நாய் இருக்கிறதா, நேராக வருகிறீர்களா பக்கவாட்டில் போகிறீர்களா என்பதைப் பொறுத்து மாறும். உம்கெனி ஆற்று முகத்தில் உள்ள புளூ லகூன் பக்கம் நாள்தோறும் மீன்பிடிப்பவர்களைப் பார்த்துப் பழகிய பறவையும் ஆளரவமற்ற கரையில் இருக்கும் பறவையும் ஒன்றல்ல. எனவே “இந்த இனத்துக்கு இத்தனை மீட்டர்” என்ற பட்டியலை நம்புவதைவிட அறிகுறிகளைப் படிப்பதே பயன்படும். அவை வரும் வரிசை ஏறத்தாழ இப்படி:

1. அமர்ந்திருக்கும் பறவை கழுத்தை நீட்டி அசையாமல் இருக்கிறது. இரை தேடும் பறவை ஓடி ஓடி நின்று உங்களையே பார்க்கிறது.

2. குறுகிய, திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கைக் குரல். ஆள்காட்டி என்றால் பெயருக்கேற்பக் கரையே கேட்கும்.

3. குனிந்து எலிபோலச் சத்தமில்லாமல் கூட்டிலிருந்து நழுவி, வேறோர் இடத்தில் போய் அமர்ந்து அடைகாப்பதுபோல் பாவனை செய்கிறது. அந்தப் பொய்யான இடத்தைக் கூடு என்று நம்பிப் படமெடுப்பவர்கள் ஏராளம்.

4. சிறகொடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இது நடந்தால் கூடோ குஞ்சோ உங்கள் காலுக்கு மிக அருகில் இருக்கிறது.

நான்காவதைக் கண்டால் செய்ய வேண்டியது இது. உடனே நில்லுங்கள். அடுத்த அடி வைக்காமல் காலடியைச் சுற்றிப் பாருங்கள். பிறகு வந்த வழியிலேயே, உங்கள் சொந்தக் காலடித் தடத்தின் மேலேயே, ஈர மணலுக்குத் திரும்புங்கள். கூடு எங்கே என்று தேடாதீர்கள். ஈர மணலில் மேலும் தள்ளிப் போய், பறவை திரும்பி வந்து அமர்கிறதா என்று பைனாகுலரில் பாருங்கள். எத்தனை நிமிடம் பொறுக்கலாம்? மணல் குளிர்ந்திருக்கும் விடியலில் ஐந்து நிமிடம். புறங்கையை மணலில் வைத்து வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிமிடமே கிடையாது, கிளம்பிவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் அது திரும்பவில்லை என்றால் நீங்கள் இன்னும் அருகில்தான் இருக்கிறீர்கள்.

எந்தக் கட்டத்தில் ஆபத்து அதிகம்

முட்டை இருக்கும்போதுதான் ஆபத்து, அதற்கு முன் படமெடுத்தால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டை அறவே கைவிடும் வாய்ப்பு அதிகமுள்ள காலம் உண்மையில் அதற்கும் முந்தையது. இடம் தேர்ந்து, குழி சீய்த்து, முதல் முட்டை இடும் நாட்கள். அந்த இணை இன்னும் எதையும் முதலீடு செய்யவில்லை, ஒரே ஒரு தொந்தரவு போதும், வேறிடம் தேடும். நாள் ஆக ஆகக் கைவிடும் வாய்ப்பு குறைகிறது. வெயில், எதிரி என்ற ஆபத்துகள் குறைவதில்லை.

கூட்டிலேயே வளரும் குஞ்சுகளுக்குக் கடைசியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நாரை, கொக்கு, நீர்க்காகம், தூக்கணாங்குருவி போன்றவற்றின் குஞ்சுகள் இறகு முளைத்து, பறக்க இன்னும் சில நாட்கள் இருக்கும் நிலையில் யாராவது நெருங்கினால் வெளியே குதித்துவிடும். திரும்ப ஏறத் தெரியாது. கீழே தண்ணீர் இருக்கலாம், உடும்பு இருக்கலாம். தூக்கி மறுபடி கூட்டில் வைத்தாலும் மீண்டும் குதிப்பது வழக்கம். குஞ்சு பெரிதாக, படத்துக்கு அழகாகத் தெரியும் நாட்களே இவை என்பதுதான் சிக்கல்.

கூட்டமாகக் கூடு கட்டும் நாணல் படுகையிலும் அலையாத்தி மரங்களிலும் ஒரு பறவை எழுந்தால் அக்கம்பக்கம் எல்லாம் எழும். காகத்துக்கு அந்த அரை நிமிடம் போதும். இங்கே மறைவிடத்துக்குள் இருந்தாலும், படகில் இருந்தாலும், கரையிலிருந்து பார்த்தாலும் வெளிவிளிம்போடு நின்றுவிட வேண்டும். பார்வையை மறைக்கும் நாணலை வளைத்துக் கட்டுவது, இலையைக் கிள்ளுவது இரண்டும் கூடாதவை. அந்த இலைதான் குஞ்சுக்குக் கூரை. எதிரியின் கண்ணிலிருந்து திரையும் அதுவே. கிளையைத் திரும்ப அவிழ்த்துவிட்டாலும் பழைய நிலைக்கு வருவதில்லை.

இலைக்கோழி இதில் தனி வகை. மிதக்கும் தாவரத்தின் மேல் நான்கு முட்டை. அடைகாப்பதும் குஞ்சைச் சிறகுக்கடியில் இடுக்கித் தூக்கிப் போவதும் ஆண் பறவை. அந்தக் கூடு நீர்மட்டத்துக்கு விரற்கடை மேலேதான் இருக்கிறது. படகு வேகமாகக் கடந்தால் எழும் அலையே முட்டையை உருட்டிவிடும். படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, தாவரப் பரப்பை நெருங்கும் முன்பே இயந்திரத்தைத் தாழ்த்தச் சொல்லுங்கள்.

எங்கே நிற்பது: வெளிச்சமும் ஓதமும்

நல்லவேளையாக டர்பன் கரையின் அமைப்பு படமெடுப்பவருக்குச் சாதகம். கடல் தென்கிழக்கே இருக்கிறது. டிசம்பரில் சூரியன் ஐந்து மணிக்குச் சற்று முன்பே கடலிலிருந்து எழுகிறது. நீங்கள் ஈர மணலில், கடலுக்கு முதுகு காட்டி, மணல்மேட்டைப் பார்த்து நின்றால் வெளிச்சம் உங்கள் பின்னாலிருந்து பறவைமேல் விழும். கூடு இருக்க வாய்ப்பே இல்லாத தரையும் அந்த ஈர மணல்தான். பிற்பகலில் இது கவிழ்ந்துவிடும். வெளிச்சத்தை முதுகில் வாங்க மணல்மேட்டுப் பக்கம் ஏற வேண்டும், அதாவது கூடுகள் இருக்கும் தரையில். ஆகவே கூடு பருவத்தில் இந்தக் கரையில் பிற்பகல் படம் வேண்டாம் என்பது எளிய முடிவு.

ஓதத்தையும் கணக்கில் சேருங்கள். நீர் உச்சத்தில் இருக்கும்போது நடக்கக் கிடைக்கும் ஈர மணல் குறுகி, கூட்டுத் தரையை நோக்கி உங்களைத் தள்ளும். நீர் இறங்கத் தொடங்கி ஒன்றிரண்டு மணி ஆன பிறகு இடம் அகலமாகும். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உயர் ஓதம் அதிகாலை மூன்று, நான்கு மணியை ஒட்டியும், தாழ் ஓதம் காலை ஒன்பது, பத்து மணியை ஒட்டியும் வருகிறது. விடிந்ததும் போனால் நீர் உங்களுக்காக இறங்கிக்கொண்டே இருக்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் இது மாறி, காலை வெளிச்சத்தில் நீர் ஏறும். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் பார்த்தே தோராயமாகத் திட்டமிடலாம். கிளம்பும் முன் துறைமுக ஓத அட்டவணையில் அன்றைய நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு ஆற்று முகங்களில் இன்னொன்று. இந்த மாகாணத்தின் கழிமுகங்களில் பல, மணல் தடுப்பு வளர்ந்து அடைபடுவதும் மழை வெள்ளத்தில் உடைவதுமாக இருப்பவை. அடைபட்டிருக்கும்போது உள்ளே நீர் மெல்ல ஏறித் தாழ்வான கூடுகளை மூழ்கடிக்கும். அப்படிக் கூடு இழந்த இணை ஒன்றிரண்டு வாரத்தில் சற்று மேடான இடத்தில் மறுபடி முட்டையிட முயலும். போன வாரம் கூடு இல்லாத இடத்தில் இந்த வாரம் இருக்கலாம்.

லென்ஸ் கணக்கு

நெருங்க வேண்டும் என்ற ஆசை படச்சட்டத்தைப் பறவையால் நிரப்ப வேண்டும் என்ற பழக்கத்திலிருந்து வருகிறது. கணக்குப் போட்டால் அவ்வளவு தேவையில்லை என்று தெரியும். 600 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி உணரி, 24 மெகாபிக்சல், அதாவது படத்தின் அகலம் 6000 பிக்சல் என்று கொள்வோம். வெண்நெற்றி உப்புக்கொத்தியின் நீளம் சுமார் 18 செ.மீ.

1. 30 மீட்டரில் படச்சட்டத்தின் அகலம் ஏறத்தாழ 1.2 மீட்டர். பறவைக்குக் கிடைப்பது சுமார் 900 பிக்சல்.

2. 50 மீட்டரில் அகலம் 2 மீட்டருக்குச் சற்றுக் கீழே. பறவை சுமார் 550 பிக்சல்.

3. 80 மீட்டரில் அகலம் 3 மீட்டருக்குச் சற்று மேலே. பறவை சுமார் 350 பிக்சல்.

திரையில் பார்க்கும் 2000 பிக்சல் அகலப் படத்தில் 550 பிக்சல் பறவை கால்வாசிக்கு மேல் இடம் பிடிக்கும். கரையும் மேடும் தெரியும் நல்ல படத்துக்கு அது போதும். 45 மெகாபிக்சல் முழுச்சட்ட கேமராவில் இதே லென்ஸ், இதே 50 மீட்டர் என்றால் பறவைக்கு 500 பிக்சல்தான் வரும். விலை உயர்ந்த கேமரா உடல் வாங்கினால் தூரத்திலிருந்து எடுக்கலாம் என்பது இந்தக் கணக்கில் நிற்காது.

தூரத்தை உண்மையில் தின்பது கானல். மணல் சூடானதும் அதன்மேல் காற்று அலையத் தொடங்கும். 50 மீட்டருக்கு அப்பால் இறகின் விவரம் கலங்கிப்போகும். எந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. கோடையில் தெளிந்த காற்று ஐந்து முதல் ஏழு மணி வரை. கானல் தெரியத் தொடங்குவதும் முட்டைக்கு நிழல் அவசியமாவதும் ஏறத்தாழ ஒரே நேரம் என்பதால், படம் மங்கலாக வரத் தொடங்கினால் கிளம்பும் நேரம் என்று கொள்ளலாம்.

அமைப்புகள் பற்றிச் சுருக்கமாக. நிற்கும் பறவைக்கு 1/500 விநாடி, ஓடும் உப்புக்கொத்திக்கு 1/1600, பறக்கும் ஆலாவுக்கு 1/2000 அல்லது அதற்கும் வேகமாக. துளை எஃப் 5.6 முதல் 8 வரை. வெளிர் மணல் ஒளியளவியை ஏமாற்றிப் படத்தை இருட்டாக்கும்; ஒளியளவை 0.7 முதல் 1.3 ஸ்டாப் வரை கூட்டுங்கள். இருண்ட அலையாத்தி பின்னணியில் வெண்கொக்கு என்றால் நேர்மாறாக 0.7 ஸ்டாப் குறையுங்கள். ஓசையற்ற ஷட்டர் இருந்தால் போடுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். முக்காலியை விரித்து நிமிர்ந்து நிற்பதைவிட ஈர மணலில் தாழ உட்கார்ந்து, லென்ஸைத் துணிப்பைமேல் வைப்பது பறவைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. பையைக் காலியாகக் கொண்டுபோய் அங்கேயே மணல் நிரப்பலாம்.

குளிரூட்டிய காரிலிருந்து எடுத்ததும் லென்ஸ் வேர்ப்பது டர்பனில் தவறாமல் நடப்பது. கேமராவைப் பைக்குள் மூடி, காரின் பின்பெட்டியில் வைத்து வாருங்கள். வெளியே எடுத்தும் கால்மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். திரும்பியதும் உப்புப் படிவை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகளும் மணலும் கண்ணாடிப் பூச்சைக் கீறும்.

இத்தனையும் திறந்த கடற்கரைக்கு. செயின்ட் லூசியா கழிமுகத்தில் தரையில் படுத்துப் படமெடுக்கும் எண்ணமே வேண்டாம். அங்கே நீர்யானையும் நைல் முதலையும் உண்டு. படகு, மரப்பலகை நடைபாதை, அல்லது அனுமதித்த சாலையில் நிறுத்திய கார். கார் ஒரு நல்ல மறைவிடம். கதவைத் திறந்து இறங்கும்வரை பறவைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. நீர்க் கண்கிலேடி முதலையின் கூட்டுக்கு அருகிலேயே முட்டையிடும் பழக்கமுள்ளது. அதற்குக் காவல் கிடைக்கிறது, நமக்கு அது நல்ல எச்சரிக்கை.

படம் எடுத்த பிறகு: இடத்தை மறைப்பது

கூட்டுக்கு முதல் படக்காரர் செய்யும் கெடுதலைவிட அவர் சொல்லி வரும் இருபது பேர் செய்வது அதிகம். கைபேசிப் படத்தின் கோப்பில் ஜிபிஎஸ் இடம் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும். தரம் குறையாமல் இருக்க ‘ஆவணம்’ என்று அனுப்பினால் இடமும் கூடவே போகும். பெரும்பாலானோர் கவனிக்காத ஓட்டை இது. உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்டில் பதிவேற்றினால் இட அமைப்பை ‘மறைத்தது’ என்று மாற்றுங்கள். புள்ளி சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ என்று மட்டும் தெரியும். படத்தின் பின்னணியில் கலங்கரை விளக்கமோ அடையாளம் தெரியும் கட்டடமோ இருந்தால் எண்களை மறைத்தும் பயனில்லை. குஞ்சுகள் பறந்து போன பிறகு வெளியிடுவதில் எந்த நட்டமும் இல்லை.

கூட்டுப் படங்களைப் பல போட்டிகள் ஏற்பதில்லை என்ற செய்தி வந்தால் சிலருக்கு எரிச்சல் வருகிறது. தனித்தனிப் படத்தில் தவறு இருந்ததா என்று நடுவரால் கண்டுபிடிக்க முடியாது. பரிசு கொடுத்தால் மற்றவர்களும் அதே கூட்டைத் தேடிப் போவார்கள் என்பது மட்டும் உறுதி. அந்த வகையையே விலக்குவது அதனால்தான், அது சரியென்றே தோன்றுகிறது.

சட்டம் எங்கே வருகிறது

பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டுவதைத் தென்னாப்பிரிக்கா 2001 டிசம்பரில் வெளியிட்ட விதிகளால் தடுத்தது. 2008ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2014இல் புதிய விதிகள் வந்தன. மீன்பிடிப்பவர்களிடையே அன்று எழுந்த கோபம் சிறியதல்ல. ஆனால் உயர் ஓதக் கோட்டுக்கு மேலே டயர் ஏறுவது நின்றதும் சிப்பிபிடிப்பானின் எண்ணிக்கை உயர்ந்தது. 2017இல் உலக அளவிலான அழிவாபத்துப் பட்டியலில் அதன் நிலை ‘அச்சுறுத்தலை நெருங்குவது’ என்பதிலிருந்து ‘கவலை குறைந்தது’ என்று மாறியது. மணலில் முட்டையிடும் பறவைக்குத் தொந்தரவைக் குறைப்பது உதவும் என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

ட்ரோன் பற்றிய குழப்பம்தான் இப்போது அதிகம். பொது வான்வெளி விதிகளின்படி தனியார் ட்ரோன் சுமார் 120 மீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டமோ, தேசியப் பூங்கா, உலகப் பாரம்பரியத் தலம் ஆகியவற்றின் மேல் அனுமதியின்றி 2500 அடிக்கு, அதாவது சுமார் 760 மீட்டருக்குக் கீழே பறக்கக் கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் 1999 முதல் உலகப் பாரம்பரியத் தலமாக இருக்கும், செயின்ட் லூசியா கழிமுகம் அடங்கிய ஐசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவில் அனுமதியில்லாத ட்ரோனுக்கு இடமே இல்லை என்று புரியும். மற்ற இடங்களிலும் கூட்டுக் கூட்டத்தின் மேல் அதைப் பறக்கவிடுவது மேலிருந்து பருந்து இறங்குவதற்குச் சமம். ஒரே கணத்தில் எல்லாம் எழும். காப்பகங்களுக்குள் விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ படமெடுப்பதற்குத் தனி அனுமதி தேவைப்படும். நுழைவுச் சீட்டு அதற்குப் போதாது.

கூடு இல்லாத படங்களுக்கான காலம்

கழிமுகத்தில் கூட்டுக் கவலை குறைவாகப் படமெடுக்க ஏப்ரல் முதல் ஜூலை வரை நல்ல காலம். உம்கெனியின் வடகரையில் இருக்கும் பீச்வுட் அலையாத்திக் காட்டுக்கு அலையாத்தி மீன்கொத்தி மார்ச்சில் வந்து செப்டம்பர் வரை தங்கும். அதன் கூடு வேறெங்கோ தெற்கே, கோடையில். இங்கே அது சேற்று நண்டு தின்ன வரும் விருந்தாளி. நீர் வற்றிய வேளையில் தாழ்ந்த கிளையில் அமர்ந்து சேற்றைப் பார்த்துக் காத்திருக்கும். குளிர்கால வெயில் சாய்ந்து விழுவதால் காலை ஒன்பது மணி வரைகூட நல்ல வெளிச்சம் கிடைக்கும். மணல் சூடாவதும் குறைவு, கானலும் குறைவு. அதே 600 மி.மீ. லென்ஸில் 25 மீட்டரில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, அது உங்கள் பக்கம் வரும்வரை காத்திருக்கலாம்.